ஐபோனில் எடுத்த படத்தை விண்ணப்பத் தளம் ஏன் ஏற்பதில்லை?

மன்னார்குடியில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்காக ஐபோனில் படமெடுத்த அடங்கலை (நிலத்தின் சாகுபடிப் பதிவை) விண்ணப்பத் தளம் ஏற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஐபோன் 7உம் அதற்குப் பிந்தையவையும் படங்களை இடம் மிச்சப்படுத்தும் ஹெச்.இ.ஐ.சி. வடிவில் சேமிக்கின்றன, விண்ணப்பத் தளங்களோ பெரும்பாலும் ஜேபெக் அல்லது பிடிஎஃப்தான் கேட்கின்றன. கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றுவதால் (பலரும் செய்வது இதைத்தான்) உள்ளிருக்கும் தரவு மாறுவதில்லை. படத்தை ஃபைல்ஸ் செயலியில் சேமித்து, அதை அழுத்திப் பிடித்து, குயிக் ஆக்‌ஷன்ஸில் கன்வர்ட் இமேஜைத் தேர்ந்தெடுத்தால் ஜேபெக்காக மாற்றலாம். ஐஓஎஸ் 16 முதல் இந்த வசதி உண்டு. அங்கேயே அளவையும் குறைக்கலாம், ஆனால் குறைத்தபின் சர்வே எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இனி எடுக்கும் படங்களுக்கு, செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் சென்று மோஸ்ட் கம்பாட்டிபிள் என வைத்துவிடலாம். படத்தின் வடிவை மாற்றித்தரும் முன்பின் தெரியாத இணையதளங்களில் ஆதாரையோ வங்கிப் புத்தகத்தையோ ஏற்றவே வேண்டாம்.