கொரோனா காலத்தில் சர்க்கரை நோய் இருந்த உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மனநிலை எப்படி இருந்தது? எப்படிச் சமாளித்தீர்கள்?

எங்கள் மாமனாரைக் கொரோனாவைவிட அதிகம் படுத்தியது சாயங்காலச் செய்திதான். 2020-இல் தமிழக சுகாதாரத்துறை தினமும் விட்ட அறிக்கையில் இறந்தவர்களின் வயது, ஊர், கூடவே என்னென்ன வியாதி இருந்தது என்று ஒவ்வொருவருக்கும் போட்டிருக்கும். டிவியில் 'இணை நோய் இருந்தவர்' என்று சொல்லும்போது கேட்கிற சின்ன வயசுக்காரர்களுக்கு அப்பாடா என்றிருக்கும். அதே சோபாவில் உட்கார்ந்திருக்கும் எழுபது தாண்டிய, பல வருஷமாக மாத்திரை போடும் மனுஷனுக்கு? "என்னைத்தாம்மா சொல்றான்" என்பார், சிரித்துக்கொண்டேதான்.

மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டதும் பூங்காவை மூடிவிட்டார்கள். மொட்டை மாடியில் நடங்க மாமா என்று நாங்கள் சுலபமாகச் சொல்லிவிட்டோம், ஆனால் அவருக்கு நடை ஒரு சாக்குதான். நாலைந்து ரிட்டயர்டு ஆட்கள், எல்லாருக்கும் சர்க்கரை, யாருக்கு எவ்வளவு ஏறியது இறங்கியது என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பேசிக்கொண்டு, கடைசியில் சர்க்கரை போடாத டீ (ஒருத்தர் மட்டும் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு வடை). அது மொத்தமாக நின்றுபோனது. பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது, வீட்டிலேயே இருந்து வேலை பார்த்துக்கொண்டு அவர் தட்டையே கவனித்துக்கொண்டிருந்த நாங்கள். ஒரு மாம்பழத் துண்டுக்கு மூன்று பேர் ஆளுக்கொரு டாக்டராக மாறினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது.

இதில் உடம்பும் மனசும் எப்படிப் பின்னிக்கொள்ளும் என்பதைப் பெரியவர்கள் இருக்கிற எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கவலை அதிகமானால் கார்டிசால், அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன்கள் எல்லாம் சுரந்து, அதே இட்லியைச் சாப்பிட்டாலும் சர்க்கரை ஏறும். ஏறியதைப் பார்த்து இவர் இன்னும் பயந்து சாப்பாட்டைக் குறைத்தார், மாத்திரையை மட்டும் அப்படியே போட்டார். ஒரு ராத்திரி அத்தை கத்திக் கூப்பிட்டார்கள். மாமாவுக்குப் படபடப்பு, கை நடுக்கம், பனியன் முழுக்க வியர்வை. "வந்துடுச்சும்மா எனக்கு" என்கிறார். நெற்றி சில்லென்று இருந்தது. குளுக்கோமீட்டரில் 58, சர்க்கரை ரொம்ப இறங்கியிருந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்த்தபோது 90-ஐத் தாண்டியிருந்தது, அவரும் தெளிவாகிவிட்டார். பயம் வந்தாலும் சர்க்கரை இறங்கினாலும் அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் 'ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க' என்று சொல்வதற்கு முன்னால் விரலில் குத்திப் பாருங்கள்.

மறுநாள் டாக்டரிடம் வீடியோவில் பேசினோம். மாத்திரை அளவைக் குறைத்தார், இந்த வயசில் சர்க்கரையை அவ்வளவு கறாராக இறக்க வேண்டியதில்லை, தாழ்ந்துபோவதுதான் ஆபத்து என்றார். அப்புறம் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொன்னார்: சர்க்கரை இருப்பதாலேயே கொரோனா ஓடி வந்து ஒட்டிக்கொள்வதில்லை, வந்தால் கடுமையாகும் வாய்ப்புதான் அதிகம், அதுவும் கட்டுப்பாட்டில் இருந்தால் குறையும். நாங்கள் சொன்ன நூறு ஆறுதலில் கேட்காதது இதில் கேட்டது. தன் கையில் செய்ய ஏதோ இருக்கிறது என்று ஆனதும் ஆள் கொஞ்சம் நிமிர்ந்தார். செய்தியை ஒரு வேளைக்கு மட்டும் என்று அவரே குறைத்தார். பூங்கா கோஷ்டியைத் தினமும் காலையில் குரூப் காலில் சேர்த்துவிட்டோம், அவரவர் மாடியில் நடந்துகொண்டே பேச்சு. தட்டை எட்டிப்பார்ப்பதை நாங்களும் விட்டோம், அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2021 மே மாதம் கருப்புப் பூஞ்சை செய்தி வந்தபோது தினமும் கண்ணாடி முன் நின்று கண்ணை இழுத்து இழுத்துப் பார்த்தார். பெரும்பாலும் கொரோனா வந்து, ஸ்டீராய்டும் எடுத்து, சர்க்கரையும் எகிறியவர்களுக்குத்தான் அது வருகிறது என்று புரியவைக்கவே சில நாள் ஆனது.

உங்கள் வீட்டில் யாராவது தூக்கமில்லாமல், யாருடனும் பேசப் பிடிக்காமல், 'இனி மாத்திரை எதுக்கு' என்று ஆரம்பித்தால் அதை வயசானவர் புலம்பல் என்று விடாதீர்கள், சர்க்கரை டாக்டரிடமே அதையும் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அது 2022 அக்டோபரில்தான் வந்தது, எங்களுக்கு அன்றைக்கு அந்த வசதி இல்லை.