டாலஸ் வானத்தில் நடந்தது: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, 2022-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் உலகப்போர் கால விமானங்கள் இரண்டு மோதிய காணொளியை என் பேரன் பார்த்துவிட்டான். இங்கே தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியா பக்கம் நடக்கும் சுவார்ட்காப் விமானக் காட்சிக்கு அவனைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன், இப்போது எனக்கே தயக்கமாக இருக்கிறது. அத்தனை பெரிய விமானம் அந்த விமானியின் கண்ணில் படவில்லையா? பழசு என்பதால் இயந்திரம் ஏதும் கெட்டுப்போனதா?
(லாடியம் வாசகர்)

பதில்: இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை ஐயா. இரண்டு விமானங்களும் நன்றாகத்தான் பறந்துகொண்டிருந்தன.

அன்று நவம்பர் 12. ஃபிளையிங் ஃபோர்ட்ரஸ் என்ற நான்கு இஞ்சின் விமானம் முன்னே போக, மொத்தம் ஐந்து குண்டுவீச்சு விமானங்கள் ஒரு வரிசை. மூன்று சண்டை விமானங்கள் இன்னொரு வரிசை, அதில் மூன்றாவதாக வந்தது கிங்கோப்ரா. அதுதான் ஃபிளையிங் ஃபோர்ட்ரஸ் மேல் மோதியது. தரையில் 'ஏர் பாஸ்' என்று ஒருவர் இருப்பார், யார் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று வானொலியில் சொல்வது அவர் வேலை. சண்டை விமானங்கள் குண்டுவீச்சு விமானங்களுக்கு முன்னால் கடந்து, பார்வையாளர் பக்கக் கோட்டிலிருந்து 500 அடி தள்ளிப் பறக்கவேண்டும், பெரியவை 1000 அடி தள்ளி வரவேண்டும் என்று அவர் சொன்னார். ஆனால் யார் எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்பதைப் புறப்படும் முன்பும் பேசி வைக்கவில்லை, மேலே போன பிறகும் யாரும் சொல்லவில்லை. எனக்கு ஆறாத இடம் இதுதான். கிளம்பும் முன் ஒரு வரிசைக்கு ஓர் உயரம், மற்றதற்கு வேறு உயரம் என்று முடிவு செய்திருந்தால் இறந்துபோன ஆறு பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பெரிய விமானத்தில் ஐந்து பேர், கிங்கோப்ராவில் ஒருவர்.

கண்ணில் படவில்லையா என்று கேட்டீர்கள். மோதப்போகும் பாதையில் இருக்கும் இன்னொரு விமானம் கண்ணாடியில் அங்கும் இங்கும் நகராது, ஒரே இடத்தில் புள்ளிபோல நிற்கும், கடைசி நொடிகளில்தான் திடீரென்று பெரிதாகும். நம் கண்ணோ அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும். அதோடு கிங்கோப்ரா இடப்பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தது, அந்த நிலையில் விமானத்தின் உடலே பார்வையை மறைக்கும், கார் கண்ணாடியின் ஓரத் தூண் சைக்கிளில் வருபவரை மறைப்பதுபோல. மூன்றாவதாக வருபவர் முன்னால் போகும் விமானத்தை வைத்த கண் வாங்காமல் பார்க்கவும் வேண்டும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் 2024-இல் தந்த அறிக்கையில், விமானங்களைப் பிரித்து வைக்க முன்கூட்டியே போதுமான திட்டம் இல்லாததைத்தான் முதல் காரணமாகச் சொன்னது. ஏர் பாஸ்களுக்கு வழிகாட்டுதலும் மேற்பார்வையும் இல்லாமல் விட்டதற்காக அந்நாட்டு விமானத்துறையையும் சும்மா விடவில்லை.

கேள்வி: இந்தக் கிழட்டு விமானங்களை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிட்டால் என்ன?
(பீனிக்ஸ், டர்பன் வாசகி)

பதில்: நிறுத்தவேண்டாம் அம்மா. நம் தென்னாப்பிரிக்க விமானப்படை 1995 வரை ஹார்வர்ட் என்ற உலகப்போர் காலப் பயிற்சி விமானத்தில்தான் விமானிகளைப் பழக்கியது, அந்த இஞ்சின் சத்தத்தை இன்றும் மறக்காதவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே ரக விமானங்கள் இரண்டு 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் ரீனோவில், விமானப் பந்தயம் முடிந்து தரையிறங்க வரும்போது மோதி இரண்டு விமானிகளும் இறந்தார்கள். அங்கேயும் நாம் கேட்கவேண்டியது யார் எங்கே இருந்தார்கள் என்பதை. எந்த வருடத்து விமானம் என்பதை அல்ல. ஆனால் ஒன்றில் நான் பிடிவாதமாக இருப்பேன்: காட்சிக்காகப் பறக்கும்போது ஓட்டுவதற்குத் தேவையானவர்களைத் தவிர ஒருவர்கூட உள்ளே இருக்கக்கூடாது.

கேள்வி: பார்க்கப்போகிறவர்கள் மேல் விழுந்தால்?
(லெனேசியா வாசகர்)

பதில்: அப்படியும் நடந்திருக்கிறது. 1988-இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இத்தாலிய அணியின் மூன்று ஜெட்கள் மோதி, ஒன்று கூட்டத்தின் பக்கம் வந்து விழுந்தது, 70 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் கூட்டத்தை நோக்கிப் பறக்கும் சாகசங்களைத் தடுத்தார்கள், தூரத்தையும் கூட்டினார்கள். டாலஸில் தரையில் இருந்த யாருக்கும் காயமில்லை. லாடியம் ஐயா, பேரனைக் கூட்டிப்போங்கள். கயிறு கட்டிய கோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். வேலிக்கு வெளியே சாலையோரம் வண்டியை நிறுத்தி இலவசமாகப் பார்க்கிறவர்களோடு மட்டும் சேரவேண்டாம், விமானங்கள் திரும்பும் பாதை அந்தப் பக்கமாகவும் இருக்கலாம்.