தட்டைப் பாதம் இருந்தால் ஓடக் கூடாதா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பள்ளி அணியில் 800 மீட்டர் ஓடுகிறாள். இரண்டு மாதமாக இடது முழங்காலில், சில்லுக்குப் பின்னால் வலி. மாடிப்படி இறங்கும்போதும், பஸ்ஸில் வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் அதிகமாகிறது. வீக்கம் இல்லை. ‘இவளுக்குத் தட்டைப் பாதம், ஓடினால் மூட்டு போய்விடும்’ என்கிறார் பி.டி. சார். ஷூவுக்குள் வைக்கும் இன்சோலை அளவெடுத்துச் செய்ய ஒரு கடையில் 7,000 ரூபாய் கேட்கிறார்கள். ஓட்டத்தை நிறுத்திவிடச் சொல்லவா?
– ஒரு தந்தை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: நிறுத்த வேண்டாம். இன்சோலுக்கும் இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். முதலில் வீட்டிலேயே இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

மகளை வெறுங்காலில் நிற்கச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து குதிகால்களைக் கவனியுங்கள். தட்டைப் பாதம் என்றால் உள்வளைவு தரையோடு படிந்திருக்கும். குதிகால் வெளிப்பக்கம் சரிந்திருக்கும். அப்படியே நுனிக்காலில் எழும்பச் சொல்லுங்கள். வளைவு மேலெழுந்து, குதிகாலும் உட்பக்கம் திரும்பினால் அது நெகிழ்வான பாதம். பெரும்பாலோருக்கு இருப்பது இதுதான், இது நோயல்ல. (ராணுவத் தேர்வின் மருத்துவப் பரிசோதனையிலும் இப்படி நிற்க வைத்துப் பார்ப்பார்கள்.) நுனிக்காலில் நின்றும் வளைவு எழவில்லை, பாதம் விறைப்பாக இருக்கிறது, கணுக்கால் அடிக்கடி பிசகுகிறது என்றால் கதை வேறு. பாதத்தின் பின்பகுதியில் இரண்டு எலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருக்கலாம். வளரும் வயதில்தான் அது வலியாக வெளிப்படும். அதற்கு எலும்பு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்து, ஒரு மாடிப்படியின் விளிம்பில் இடது காலில் மட்டும் நின்று, வலது குதிகால் கீழ்ப்படியை லேசாகத் தொடும்வரை மெதுவாக இறங்கி ஏறட்டும். முன்னாலிருந்து செல்போனில் வீடியோ எடுங்கள். இடது முழங்கால் நேராக வளைகிறதா, கட்டைவிரலையும் தாண்டி உள்பக்கம் சாய்கிறதா? மற்ற காலிலும் எடுத்து ஒப்பிடுங்கள். பாதத்தின் படத்தைவிட இந்த வீடியோதான் எனக்கு அதிகம் சொல்லும்.

காரணம் இதுதான். பாதம் தரையில் பதியும்போது உள்வளைவு சற்று இறங்குவது எல்லோருக்கும் இயல்பு. அதிர்ச்சியைத் தாங்கும் ஏற்பாடு அது. வளைவு இறங்கும்போது கணுக்கால் எலும்பு உள்பக்கம் திரும்பும், அதோடு முன்னங்கால் எலும்பும் திரும்பும். தரையை உந்தி எழும்போது இரண்டும் வெளிப்பக்கம் மீள வேண்டும். தட்டைப் பாதத்தில் இந்த மீட்சி தாமதமாகலாம். முழங்காலோ கதவுக் கீல் மாதிரி. மடங்க நீட்டத்தான் முக்கியமாக அமைந்தது, முறுக்கலுக்கு அதில் இடம் குறைவு. ஆகவே தொடை எலும்பும் உள்நோக்கி உருள, சில்லு தன் பள்ளத்தின் வெளி விளிம்பில் அழுந்துகிறது. படி இறங்கும்போது வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆனால் தொடை உள்ளே உருள்வதற்குப் பாதம் மட்டும் காரணமாக வேண்டியதில்லை. பிட்டத் தசைகள் பலவீனமாக இருந்தால், நல்ல வளைவுள்ள பாதத்திலும் முழங்கால் உள்ளே விழும். பி.டி. சார் பாதி உண்மை சொல்கிறார் என்பேன்.

மீதிப் பாதியைப் பாருங்கள். 1993-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, தரைப்படைப் பயிற்சி வீரர்கள் 246 பேரைப் பின்தொடர்ந்தது. பாதம் மிகத் தட்டையாக இருந்தவர்களுக்கே காயம் குறைவு. வளைவு உயர்ந்தவர்களுக்குத்தான் அதிகம். உயர்ந்த வளைவு விறைப்பானது, அதிர்ச்சியை வாங்காமல் மேலே அனுப்பிவிடும். 2014-இல் வெளிவந்த ஒரு டென்மார்க் ஆய்வில், புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்குச் சாதாரண ஷூ கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். பாதம் உள்ளே சரிவதால் காயம் கூடியதாகத் தெரியவில்லை. ஏசிஎல் எனப்படும் முழங்காலின் உள் தசைநார் கிழிந்தவர்களிடம் வளைவுச் சரிவு அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வேறு சில மறுக்கின்றன. ஆக, ‘மூட்டு போய்விடும்’ என்று பிள்ளையைப் பயமுறுத்த இதில் எதுவும் இல்லை.

அப்படியானால் வலி எங்கிருந்து வந்தது? இரண்டு மாதத்துக்கு முன் என்ன மாறியது என்று மகளிடம் கேளுங்கள். போட்டி நெருங்குகிறதென்று ஓட்டத்தைத் திடீரென்று கூட்டினார்களா? மண் மைதானத்திலிருந்து சிந்தடிக் டிராக்குக்கு மாறினாளா? புதிதாக ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ) போட்டாளா? பெரும்பாலும் இவற்றில் ஒன்று கிடைக்கும்.

வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமலும், மறுநாள் காலைக்குள் அடங்கியும் இருக்கிற அளவுக்கு ஓட்டத்தைக் குறையுங்கள். காலடியைச் சற்றுக் குறுக்கி, அதே வேகத்தில் நிமிடத்துக்கு 5 முதல் 10 சதவீதம் கூடுதல் அடிகள் வைத்தால் முழங்கால் மேல் விழும் சுமை குறையும். வாரம் மூன்று நாள் பயிற்சி: பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, மல்லாந்து படுத்து ஒற்றைக் காலை ஊன்றி இடுப்பை உயர்த்துவது, மேலே சொன்ன படி இறக்கம், நுனிக்கால் எழுச்சி. அப்புறம், விரல்களை மடக்காமல் பாதத்தைச் சுருக்கி வளைவை உயர்த்தும் பயிற்சி. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பிள்ளைகள் வலி குறைந்த மூன்றாம் வாரமே விட்டுவிடுவார்கள், அதைக் கண்காணியுங்கள்.

இன்சோல் விஷயத்துக்கு வருவோம். வளைவைத் தாங்கும் ரெடிமேட் இன்சோல் ஒன்றை ஷூவுக்குள் வைத்து அதே படியில் இறங்கிப் பார்க்கட்டும். வலி அங்கேயே குறைந்தால், முதல் சில வாரங்களுக்கு அது உதவும். குறையவில்லையென்றால், 7,000 ரூபாய் இன்சோல் குறைக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

முழங்கால் வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, திடீரென மடங்கி விழ வைத்தாலோ, இரவில் வலி தூக்கத்தைக் கெடுத்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். வலி சில்லுக்குக் கீழே, முன்னங்கால் எலும்பின் மேட்டில் இருந்தால் அது வளர்ச்சிக் காலத்து வலியாக இருக்கலாம். அதற்கும் பாதத்துக்கும் சம்பந்தம் குறைவு, ஓட்டத்தைக் குறைப்பதே முதல் வேலை.