முள்ளந்தண்டிலிகளின் முக்கிய கணங்களைக் குழப்பாமல் படிப்பது எப்படி?

மகள் சாதாரண தரம் எழுதப் போகிறாள், நிடாரியா, அனலிடா, மொலஸ்கா, ஆத்திரப்போடா, எக்கைனோடேமேற்றா என்று கணங்களின், அதாவது விலங்குகளின் பெரும் பிரிவுகளின், பெயர்கள் எல்லாம் பாடம், ஆனால் ஒன்றின் இயல்பை இன்னொன்றுக்கு எழுதிவிடுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ரியூஷன் சொல்லிக்கொடுக்கிற ஆள். வருசா வருசம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்தப் பாடத்தைக் கொப்பிக்குள் மட்டும் வைத்துப் படிப்பது அநியாயம். ஒரு சனிக்கிழமை விடிய பாசையூர் மீன்சந்தைக்கோ குருநகர் மீன்சந்தைக்கோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாடத்தில் பாதி அங்கே விலைக்குக் கிடக்கும்.

போக முன்னம் ஒரு விசயம். இதுவரை பெயரிட்ட விலங்கினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் முள்ளந்தண்டிலிகள்தான். இல்லாத ஒரு எலும்பைக் காரணம் காட்டி இவ்வளவையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறோம். உண்மையில் கடலட்டைக்கு நண்டு தூரத்துச் சொந்தம், நாங்கள்தான் கிட்டிய சொந்தம். முளைய வளர்ச்சியில் முதலில் தோன்றும் துளை நண்டு வழியில் பொதுவாக வாயாகிறது, கடலட்டையிலும் எங்களிலும் அது குதமாகிறது. ஆகவே "முள்ளந்தண்டு இல்லை" என்பதை ஒரு இயல்பாக மனப்பாடம் செய்து பிரயோசனமில்லை. அது இல்லையென்றால் இந்த உடம்பை எது தாங்குகிறது என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள். மற்ற இயல்புகள் பெரும்பாலும் அந்த விடையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

நண்டிலிருந்து தொடங்கலாம். சந்தையில் நண்டு வாங்கத் தெரிந்தவர்கள் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார்கள். கோது அமுங்கினால் வேண்டாம் என்று வைத்துவிடுவார்கள். ஆத்திரப்போடாவின் மொத்தக் கதையும் அந்த அமத்தலுக்குள் இருக்கிறது. நண்டைத் தாங்குவது வெளியே இருக்கும், கைற்றின் என்ற பொருளாலான கோது, அதில் கல்சியம் ஏறி இறுகியிருக்கும். இறுகிய கோது வளராது, உள்ளே இருக்கும் உடம்போ வளர வேண்டும். அதனால் பழைய கோதுக்கு அடியில் மெல்லிய புதுக்கோது ஒன்று உருவாகிறது. நண்டு தண்ணீரை உறிஞ்சி உப்ப, பின்பக்கம் பழையது வெடித்து, நண்டு பின்னால் நழுவி வெளியே வருகிறது. புதுக்கோது இறுகும் வரைக்கும் உள்ளே சதை குறைவு, தண்ணீர்தான் கூட. காசு கொடுத்து அதை ஏன் வாங்குவான்?

உடம்பு கோதுக்குள் அடைபட்டிருப்பதால் அசைய மூட்டு வேண்டும். "மூட்டுள்ள தூக்கங்கள்" என்று புத்தகத்தில் வருவது அதுதான், தூக்கம் என்றால் இங்கே கால் போல உடம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு. நீலக்கால் நண்டின் கடைசிச் சோடிக் காலைப் பார்க்கச் சொல்லுங்கள், நீந்துவதற்காகத் தட்டையாக விரிந்திருக்கும். நண்டுக்கும் இறாலுக்கும் நடக்கிற, பிடிக்கிற கால்கள் ஐந்து சோடி, சிலந்திக்கும் தேளுக்கும் நான்கு, பூச்சிக்கு மூன்று. வீட்டில் இடைக்கிடை வெள்ளைவெளேரென்று ஒரு கரப்பான் ஓடும், அதைப் புது இனம் என்று சிலர் நினைப்பார்கள். அதுவும் அப்போதுதான் தோல் கழற்றிய சாதாரணக் கரப்பான்தான். பெயரிட்ட பூச்சி இனங்கள் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் என்பதால் இந்தக் கணத்துக்குக் கொஞ்சம் கூட நேரம் கொடுப்பதில் நட்டமில்லை.

அடுத்த மேசையில் கணவாய் இருக்கும். மொலஸ்கா என்றால் மெல்லுடல், அதைப் போர்த்த மென்மூடி, தசைப்பாதம். சங்கிலும் நத்தையிலும் மென்மூடி சுரந்த ஓடு வெளியே இருக்கிறது, மட்டியில் அது இரண்டு பாதியாக. ஓட்டுக்கணவாயில் அதே ஓடு உடம்புக்குள் போய்விட்டது. கழுவும்போது முதுகுப் பக்கத்தில் வெள்ளையாக வழுகி வருமே, அதுதான். கிளி வளர்ப்பவர்கள் கல்சியத்துக்காகக் கூட்டுக்குள் செருகி வைப்பதும் அதைத்தான். ஒரு துண்டை முறித்துப் பார்த்தால் நெருக்கமான மெல்லிய அறைகள் தெரியும். அவற்றில் வாயுவையும் திரவத்தையும் கூட்டிக் குறைத்து மிதப்பைச் சரிசெய்கிறது. பேய்க்கணவாய்க்கு, அதாவது ஒக்டோபசுக்கு, அந்த ஓடும் இல்லை. இதயம் மூன்று, செம்பு உள்ள நீல இரத்தம். மட்டியைத் தவிர மற்றவற்றுக்கு நுண்பற்கள் வரிசையாகப் பதிந்த ஒரு நாக்கும் உண்டு. மழைக்குப் பிறகு பப்பாசிக் கன்றின் இலையை நத்தை சுரண்டித் தின்பது அதால்தான்.

கடலட்டைக்குச் சந்தை வேண்டாம், அரியாலைப் பக்கமோ புங்குடுதீவுப் பக்கமோ கடலில் வலையடித்த பண்ணைகள் இருக்கின்றன. இங்கே நாங்கள் சாப்பிடுவதில்லை, காய வைத்துச் சீனா பக்கம் போகிறது. பார்த்தால் புழுப் போலிருக்கும். ஆனால் அதன் தோலுக்குள் நுணுக்குக்காட்டியில் மட்டும் தெரியும் சுண்ணாம்புத் துணுக்குகள் புதைந்திருக்கின்றன. நட்சத்திர மீனில் அவை தகடாகவும் கடல் முள்ளெலியில் ஓடாகவும் முள்ளாகவும் வளர்கின்றன. மூன்றும் எக்கைனோடேமேற்றா. உடம்புக்குள் நீர் ஓடும் குழாய்களான நீர்க்கலன் தொகுதியும் அதோடு சேர்ந்த குழாய்ப்பாதங்களும் வேறு எந்தக் கணத்திலும் இல்லை, ஆகவே வினாத்தாளில் அந்தச் சொல்லைக் கண்டால் யோசிக்கவே வேண்டாம். வளர்ந்த நிறைவுடலியின் உடம்பு ஐந்தைந்தாகப் பிரியும், இளம்பருவமான குடம்பியோ இருபக்கச் சமச்சீர், அதாவது இடமும் வலமும் ஒத்திருக்கும். எல்லாமே கடல் வாழ்வன, நன்னீரில் ஒன்றுகூட இல்லை. கடலட்டை குதத்தால் மூச்சு விடுகிறது என்று சொன்னால் பிள்ளை சிரிக்கும், அப்புறம் மறக்காது.

சொறியை, அதாவது ஜெலிமீனை, தாங்குவது பெரும்பாலும் தண்ணீர்தான். இரண்டு கலப்படைகளுக்கு நடுவே களிபோன்ற ஒரு படை, வாயும் குதமும் ஒரே துளை, ஆரைச் சமச்சீர், அதாவது நடுவைச் சுற்றி வட்டமாக ஒத்த பகுதிகள். நிடாரியாவின் அடையாளம் கொட்டும் கலங்கள். தொட்டதும் தாமாக வெடிப்பவை அவை, ஆகவே கசூரினாக் கரையில் செத்துக் கிடக்கும் சொறியும் தைக்கும். இதே கணத்தின் இன்னொரு பிறவியை நெடுந்தீவில் காணலாம். வேலிக்குப் பதிலாக அடுக்கியிருக்கும் முருகைக்கற்கள் அத்தனையும் பொலிப்பு என்ற சின்னஞ்சிறு உயிர்கள் சுரந்து விட்டுப்போன சுண்ணாம்பு.

மண்புழுவுக்கு உரும்பிராய், கோப்பாய்ச் செம்மண் தோட்டம் போதும். உடற்குழியில் நிரம்பிய திரவம்தான் அதன் வன்கூடு. வட்டத் தசை சுருங்கினால் உடம்பு நீளும், நீளத் தசை சுருங்கினால் குறுகும். உடம்பு துண்டுபட்டிருப்பதால் ஒவ்வொரு பகுதியாக இதைச் செய்ய முடிகிறது. ஒரு புழுவைக் கடதாசியில் விட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோனால் சரசரப்புக் கேட்கும், அது தோலில் இருக்கும் நுண்ணிய சிலிர்முட்கள் உரசும் சத்தம். அனலிடா முடிந்தது.

தட்டைப்புழு, வட்டப்புழு, கடற்பஞ்சு ஆகியவற்றை இப்போதைக்கு அறிந்து வைத்தால் போதும். நாடாப்புழு தட்டை, அதற்கு உணவுக்குழாயே கிடையாது. வட்டப்புழுவுக்கு வாயும் குதமும் உண்டு, துண்டங்கள் இல்லை. தக்காளி வேரில் முடிச்சுப் போடுவதும் அந்தக் கூட்டம்தான். கடற்பஞ்சுக்கு இழையங்களே இல்லை, துளைகள்தான்.

கடைசியாக, என் கேள்வி சறுக்குகிற ஒரு இடம். முருங்கையில் அப்பிக்கிடக்கும் மயிர்க்கொட்டிக்கு உடம்பு மெத்தென்றிருக்கும், உள்ளே திரவ அழுத்தம்தான் தாங்குகிறது, துண்டுபட்டும் இருக்கிறது. பிள்ளைகள் யோசிக்காமல் அனலிடாவில் போட்டுவிடுவார்கள். தலைக்குப் பின்னால் மூட்டுள்ள கால் மூன்று சோடி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பின்னால் இருக்கும் கொழுத்த கால்கள் கணக்கில்லை. தோலும் கழற்றும், ஆகவே ஆத்திரப்போடா. தடியால் திருப்பிப் பார்க்கட்டும், கையால் தொட்டால் அன்றைக்குப் படிப்பு இல்லை.