மார்கழி, தையில் ஒரே ஒரு நாள்: தஞ்சாவூரிலிருந்து பறவை பார்க்க எங்கே போகலாம், எப்படிப் பார்க்கலாம்?

கையில் ஒரு நாள்தான், பைனாகுலர் ஒன்று உண்டு, கோடியக்கரையா வடுவூரா என்று கேட்டிருக்கிறீர்கள். வடுவூர்தான். கோடியக்கரைக்குப் போய்வரவே பாதி நாள் ஓடிவிடும். அங்கே பூநாரைகள் பெரும்பாலும் வெகுதூரத்தில்தான் நிற்கும், டெலஸ்கோப் இல்லாமல் வெளிர்சிவப்புக் கோடாகத்தான் தெரியும். அதற்கு இரண்டு நாளாவது ஒதுக்க வேண்டும். வடுவூர் ஏரி மன்னார்குடி சாலையில் சுமார் 25 கிலோமீட்டர். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது.

கிளம்புமுன் ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று உள்ளூரில் யாரிடமாவது விசாரியுங்கள், எதைப் பார்க்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பாசனத்துக்கான ஏரி இது. ஆற்றுத் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்து மார்கழியில் நிறைந்திருக்கும். அப்போது ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, நாமக்கோழி, முக்குளிப்பான் எல்லாம் கிடைக்கும். ஆனால் சேற்றோரத்தில் இரை தேடும் சிறு பறவைகளான உள்ளான்களுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடிய பிறகு தண்ணீர் இறங்கி ஓரத்தில் சேறு தெரியத் தொடங்கும்போதுதான் அவை ஏரிக்கு இறங்கும். 'போன மாசம் வந்தேன், உள்ளானே இல்லை' என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

காலை 6.15-க்குக் கரையில் இருங்கள். வாத்துகள் பெரும்பாலும் இரவில் வயலுக்குப் போய் மேய்ந்துவிட்டு விடியும்போது ஏரிக்குத் திரும்பும். கூட்டம் கூட்டமாக இறங்குவதைப் பார்க்க அந்த அரைமணி நேரம்தான் உண்டு. 10 மணிக்கு மேல் அலகை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருக்கும், எது எந்த வாத்து என்றே சொல்ல முடியாது. பனிமூட்டம் விலக 7.30 ஆனாலும் பரவாயில்லை, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருங்கள். வெயில் வந்ததும் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும் கரைக்கு மாறிவிடுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

பைனாகுலர் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) போதும். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் 10 மடங்காகத் தெரியும். முதலில் வலது பக்கத்தை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். பிறகு இடதை மூடி, வலது கண்வில்லையில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதைச் செய்யாமல் தலைவலி வந்துவிட்டது என்று கருவியைக் குறை சொல்வது நியாயமில்லை.

புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் குழம்புவது உள்ளான்களில். வாய்க்கால் ஓரத்தில் ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். முதுகில் பொரி தூவியது போல வெள்ளைப் புள்ளிகள், கண்ணுக்குப் பின்னாலும் நீளும் வெண்புருவம், மஞ்சள் சாயலுள்ள நீண்ட கால்: அது பொரி உள்ளான். முதுகில் புள்ளியே தெரியாத பழுப்பு, தோளுக்கு முன்னால் மார்பிலிருந்து ஏறும் ஒரு வெள்ளைத் தீற்று, நிற்கும்போதே பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டுவது என்றால் அது சாதா உள்ளான். சந்தேகமிருந்தால் பறக்கும்வரை காத்திருங்கள். பொரி உள்ளானுக்கு வால்மேல் பகுதி வெள்ளையாகத் தெரியும், சாதா உள்ளானுக்குச் சிறகில் வெள்ளைப் பட்டை ஓடும். நிறத்தை மட்டும் நம்பினால் நிச்சயம் தவறும்.

நத்தைகுத்தி நாரையை மட்டும் நிதானமாகப் பாருங்கள். வளர்ந்த பறவையின் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும், பக்கவாட்டில் நின்றால் அதன் வழியாக வெளிச்சம் தெரியும். இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது, அதை வேறு நாரை என்று எழுதிவிடாதீர்கள். வரப்பில் கிடக்கும் காலி நத்தைக் கூடு பெரும்பாலும் உடையாமலே இருக்கும். ஓடு நொறுங்காமல் கீழ் அலகின் நுனியை உள்ளே விட்டுச் சதையை அறுத்து எடுக்கிற நேர்த்தி அது!

எண்ணும்போது பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவுக் கட்டங்களாக மொத்தக் கூட்டத்தையும் அளந்துகொண்டு போங்கள். ஒரே மூச்சில் 'ஆயிரம் இருக்கும்' என்று போடாதீர்கள். மேய்கிற கூட்டத்தில் தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், அங்கேயே நில்லுங்கள். கிளப்பிவிட்டுப் படம் எடுப்பது அவற்றின் ஓய்வைக் கெடுக்கும் வேலை.

திரும்பும்போது நேராக வீட்டுக்குப் போகாமல், சம்பா அறுப்பு நடக்கும் வயல் ஏதாவது இருந்தால் ஓரமாக வண்டியை நிறுத்துங்கள். பெல்ட் மெஷின் (அறுவடை இயந்திரம்) போகிற வழியெல்லாம் உண்ணிக்கொக்குகள் பின்னாலேயே நடக்கும், கரிச்சான் மேலிருந்து பூச்சியைப் பிடிக்கும். மின்கம்பியில் பனங்காடை, தகைவிலான், வரப்பில் மஞ்சள் வாலாட்டி, எட்டத்தில் தாழப் பறந்துவரும் சேற்றுப் பூனைப்பருந்து. பொங்கல் நாட்களில் போகிறீர்கள் என்றால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் இது சேரும்: ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, காகம், மைனா உட்பட அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு, பறவைப் பட்டியல் பதியும் இ-பேர்ட் (eBird) செயலியில் ஏற்றுங்கள். ஏரிக்கு ஒரு பட்டியல், வயலுக்குத் தனிப் பட்டியல்.