பட்டன் நிறைய இருந்தும் டயர் வழுக்குவது ஏன்?

கேள்வி: பழைய மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறோம். முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி. மழையில் ஏற்றத்தில் நின்று கிளம்பினால் முன் டயர்கள் வழுக்கிச் சுற்றுகின்றன. இத்தனைக்கும் பட்டன், அதாவது தரையில் படும் மேடுபள்ள வரிகள், பாதிக்கு மேல் இருக்கிறது. பனிக்காலத்தில் மலைப்பக்கம் போக ஆசை. பிடிமானத்துக்கு டயரில் மெல்லிய கீறல்கள் போட்டுத் தருகிறோம் என்கிறது ஒரு கடை. காற்றைக் குறைத்தாலே போதும் என்கிறார் நண்பர். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் தயாரித்த தேதி. 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் வண்டிக்கு அடியில் குனிந்து உள்பக்கம் தேடுங்கள். ஒரு பக்கம் மட்டுமே அச்சிடுவதும் உண்டு.

மோட்டார் ஹோம் வருடத்தில் பாதி நாள் நின்றே கிடக்கும். பட்டன் தேயாது, ஆனால் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் இறுகிவிடும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பிடிக்காது. பல டயர் நிறுவனங்கள் ஐந்து வருடத்துக்கு மேல் ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், பத்து வருடத்தில் கட்டாயம் மாற்றவும் சொல்கின்றன. பனியில் ஓட்டப் போகிறவர் அந்தப் பத்து வருடம் வரை காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏழு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது, காசே செலவாகாத விஷயம். தண்ணீர், கேஸ், சாமான், ஆட்கள் எல்லாவற்றோடும் எடை மேடைக்குப் போய், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை போடுங்கள். உங்கள் வழுக்கலுக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிடலாம். பின் அச்சைத் தாண்டி வண்டியின் வால் நீளமாக இருக்கும். அங்கே வைக்கும் சுமை நெம்புகோல் போல முன்பக்கத்தைத் தூக்கும். அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர் என்று வையுங்கள். பின் அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி 100 கிலோவுக்கு சைக்கிளும் சாமானும் ஏற்றினால், முன் சக்கரங்கள் மேலிருந்து 50 கிலோ குறைந்துவிடும், பின் அச்சில் 150 கிலோ கூடும். இழுக்க வேண்டிய சக்கரம் லேசாகிவிட்டால் எந்த டயரும் வழுக்கத்தான் செய்யும். கனமான பொருட்களைப் பின் அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள்.

அந்த எடைக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயர் நிறுவனத்தின் அட்டவணையில் இருக்கும். நண்பர் சொல்வது மணலில் ஊர்ந்து போக உதவும், சாலையில் ஆபத்து. கனமான வண்டியில் காற்றுக் குறைந்த டயர் சூடேறி வெடிக்கலாம், தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கவும் செய்யும். டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கு நிரப்புவதும் தவறு, நடுப்பகுதி மட்டுமே தரையில் படும். குளிரையும் கணக்கில் சேருங்கள்: 70 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்த டயரில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறையும்.

கீறல் போடுவது? வேண்டாம். நல்ல பனி டயரில் அது வார்ப்பிலேயே இருக்கிறது. இறுகிப்போன ரப்பரில் கீறி வாங்குவது வீண் செலவு.

சரி, புது டயர் வாங்கும்போது எம் பிளஸ் எஸ் (M+S) என்ற எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பட்டன் அமைப்பை வைத்து நிறுவனமே போட்டுக்கொள்ளும் குறி அது. மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருந்தால்தான் பனியில் சோதித்துத் தேறிய டயர். 2024 அக்டோபர் முதல் ஜெர்மனியில் அந்தச் சின்னம் இல்லாததைப் பனி டயராகவே ஏற்பதில்லை. வருடம் முழுக்க ஒரே செட் என்றால் அந்தச் சின்னமுள்ள ஆல் சீசன் டயர் போதும். அடிக்கடி உறைபனியில் ஓட்டுவீர்கள் என்றால் தனிப் பனி டயர்தான் சரி. 7 டிகிரிக்குக் கீழும் அதன் ரப்பர் இளக்கமாக இருக்கும். டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் சுமைக் குறியீட்டு எண், வண்டி ஆவணத்தில் உள்ளதைவிடக் குறையவே கூடாது. இரண்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். முன்னால் பிடித்து, பின்னால் வழுக்கும் வண்டி இன்னும் பயங்கரம்.

பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருந்தால் பல நாடுகளில் சட்டப்படி ஓட்டலாம். பனிக்கு 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நம்பாதீர்கள்.

அப்புறம் பனிச் சங்கிலி, அதாவது பனியில் பிடிமானத்துக்கு டயர் மேல் மாட்டும் சங்கிலி. உங்கள் வண்டிக்கு அது முன் சக்கரங்களில் மாட்ட வேண்டும். டயர் அளவுக்குப் பொருந்துகிறதா, சக்கரத்துக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். மாட்டியபின் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். இருட்டில், விறைத்த விரல்களோடு முதல்முறையாக அதைக் கற்றுக்கொள்வது கொடுமை.