கோவை தாண்டினால் 103 ஏன் இரைகிறது? ஹெச்டி2 நம் காரில் ஏன் வருவதில்லை?

கார் எஃப்எம் ரேடியோவில், கோவையில் வைத்த 103 உடுமலை போவதற்குள் இரைகிறது, அமெரிக்காவில் இருக்கும் தம்பி சொல்லும் 'ஹெச்டி2' இங்கே கிடைக்கவே இல்லை, செட்டில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். செட்டில் ஒன்றும் இல்லைங்க.

பண்பலை, அதாவது எஃப்எம், கிட்டத்தட்ட கண்ணுக்கெட்டிய தூரத்துக்குத்தான் போகும். மலை குறுக்கே வந்தால் அதுவும் இல்லை. அதனால் டவருக்கு டவர் எண் வேறு. அகில இந்திய வானொலியின் ரெயின்போ எஃப்எம் கோவையில் 103, சென்னையில் 101.4. உடுமலை, தாராபுரம் பக்கம் போனால் 100.5 வைத்துப் பாருங்கள். அது கொடைக்கானல் வானொலி; டவர் மலை மேல் இருப்பதால் கீழே நெடுந்தூரம் எடுக்கும்.

தனியார் எஃப்எம்மில் குழப்பம் வேறு மாதிரி. மிர்ச்சி கோவையிலும் 98.3, மதுரையிலும் 98.3. ஒரே எண்ணில் இரண்டு டவர் வந்தால், எது பலமோ அதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடுவது எஃப்எம் ரிசீவரின் குணம். மதுரைக்குப் போகிற வழியில் காந்திபுரம் நெரிசலைச் சொல்லிக்கொண்டிருந்த குரல் போய், கோரிப்பாளையம் விளம்பரம் வந்துவிடும். டிஸ்ப்ளேயில் எண் அப்படியே நிற்கும்.

சரி, ஹெச்டி2. இது ஹெச்டி ரேடியோ என்ற டிஜிட்டல் முறையில் வருவது. தென்னந்தோப்பில் ஊடுபயிர் போடுகிற மாதிரி, வழக்கமான எஃப்எம் அலையின் இரண்டு ஓரத்திலும் டிஜிட்டல் அலையைச் சேர்த்து அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் 2002-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஹெச்டி1-இல் வழக்கமான நிகழ்ச்சியே வரும். ஹெச்டி2, ஹெச்டி3-இல் வேறு நிகழ்ச்சிகள். சிக்னல் குறைந்தால் ஹெச்டி1 சத்தமில்லாமல் பழைய எஃப்எம்முக்கு மாறிக்கொள்ளும். ஹெச்டி2-க்குப் பின்னால் அப்படி ஒன்று கிடையாது, அதனால் பட்டென்று நின்றுவிடும். அங்கேயும் நிலையத்துக்கு போன் போட்டு "ஏன் நிறுத்தினீர்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. போதாக்குறைக்கு, அதே ஹெச்டி2-ஐச் சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்து, இன்னொரு எண்ணில், இன்னொரு பெயரில் விடுவார்கள்.

நம் ஊர் எஃப்எம்கள் அந்த முறையில் ஒலிபரப்புவதில்லை. அகில இந்திய வானொலி மத்திய அலைக்கு (மீடியம் வேவ்) எடுத்துக்கொண்டது டிஆர்எம் என்ற வேறு டிஜிட்டல் முறை. அதற்குத் தனி ரிசீவர் வேண்டும்.

ஒரே நிலையம், இரண்டு நிகழ்ச்சி என்பது நமக்கும் புதிதல்ல. கோவை வானொலிக்கு மத்திய அலையில் 999, பண்பலையில் 103. எங்கள் அப்புச்சி வீட்டு செட்டில் முள் 999-க்கு வரும் இடத்தில் குங்குமப் பொட்டு வைத்திருப்பார்கள். அம்மாயிக்கு எண் படிக்கத் தெரியாது, பொட்டுக்கு முள்ளைக் கொண்டுவந்தால் வேளாண் செய்தி. அப்படிக் கேட்பவர்களுக்கு எண் மாறினாலோ புதிதாக ஒன்று சேர்ந்தாலோ, நிலையம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருநாள் அறிவிப்பு போதாது. மணிக்கொரு தரம் ஊர்ப் பெயரோடு எண்ணையும் சொல்ல வேண்டும், பழைய எண்ணிலும் சில வாரம் சொல்ல வேண்டும். இதில் சோம்பல் படுகிற நிலையங்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

உங்கள் காருக்கு இப்போதைக்கு 103, 100.5 இரண்டையும் அடுத்தடுத்த பட்டனில் பதிந்து வையுங்கள். பொள்ளாச்சி தாண்டி இரைச்சல் தொடங்கியதும் இரண்டாவதை அழுத்துங்கள். அதே நிகழ்ச்சி தொடராது, ஆனால் தமிழ் தெளிவாகக் கேட்கும்.